காத்திருப்புப் படி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமாக இருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையும் இல்லை. உன் மாமா சாப்பிடுகிறார், தூங்குகிறார், எழுந்ததும் கண்ட கனவை முழுசாகச் சொல்கிறார். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுகிறார். நான் ஓட்டிய படகில் டிக்கெட் கிழித்த காலத்தில் ஊதிய விசில் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அதைத் தொட்டே வருஷக்கணக்காகிறது.

பாலம் நீ கடைசியாகப் பார்த்தபடியேதான் இருக்கிறது. நம் கரையில் புறப்பட்டு நடு ஆறுவரை போய், எதையோ வீட்டில் மறந்துவிட்ட ஆள் மாதிரி நின்றுவிட்டது. தபால் கொண்டுவரும், வேறு ஆளை ஏற்றாத அரசாங்கப் படகில் வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்க மட்டும் ஆள் வருகிறது. நுனியில் 'பணி நடைபெறுகிறது' என்று பலகை, பலகை மேல் ஒரு நாரை. பொழுது சாய்ந்தால் ஊரே அந்த நுனிவரை நடந்துபோய், அக்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. யாரும் அவசரப்படுவதில்லை, சத்தமாகப் பேசுவதுகூட இல்லை. நேற்று பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கேட்டாள்: "அத்தை, பாலம்னா பாதியிலதானே முடியும்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலம் வரப்போகிறது என்று சொல்லித்தானே என் படகை நிறுத்தினார்கள். படகை நம்பிப் பிழைத்த ஊர் என்பதால், பாலம் முடியும்வரை அரசாங்கம் வீட்டுக்கு வீடு மாதாமாதம் காத்திருப்புப் படி தருகிறது. பாலம் முடிந்தாலும் படி நின்றுவிடும், அதற்குள் ஊரில் யாராவது படகை இறக்கி ஓட்டினாலும் நின்றுவிடும். இறக்கினவளுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே. அதனால் நான் படகுக் கொட்டகைக்குள்ளேயே தினமும் காலையில் எஞ்சினைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, படகின் சங்கை ஒரு தரம் ஊதிவிட்டு வருகிறேன். பழக்கம், விட முடியவில்லை. ஊரும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் புரண்டு படுக்கிறது.

நீ அரசாங்கத்தின் கடன் பிரிவில் பெரிய நாற்காலியில் இருப்பவன். பாலம் எப்போது முடியும் என்று ஊர் என்னைத்தான் பிடித்து உலுக்குகிறது. ஒரு வார்த்தை எழுது. அக்கரைவரை பஸ் வருகிறது, அதற்குமேல் ஆறு இருக்கிறது என்பதற்காக வராமலே இருந்துவிடுவாயா? என் முகம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு எழுத அரசாங்க உறையை எடுக்காதே. இருக்கிற கடன் போதாதா நாட்டுக்கு?

உன் அக்கா


மார்ச் 17

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு தரம் படித்தேன். உறை விஷயத்தில் தோற்றுவிட்டேன். வீட்டில் ஒன்றும் இல்லை. இதையும் நாட்டுக் கடனில் சேர்த்து எழுதிக்கொள்.

என் வேலையைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதே. பழைய கடனைத் திருப்பித் தரும் நாள் வந்தால், அதைத் தர ஒரு புதுக் கடன் வாங்குகிறோம். கொஞ்ச காலத்தில் புதியது பழையதாகிவிடும். மறுபடி முதலில் இருந்து. மூன்றாம் மாடியில் நீளமான கூடம், ஜன்னலெல்லாம் மூடியிருக்கும். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் பேசுவதுபோல எல்லோரும் தணிந்த குரலில் பேசுகிறோம். எங்கள் மேலதிகாரிக்குப் பட்டப்பெயர் கொட்டாவி. நான் ஒருநாள் வாய் தவறி, "சார், இதெல்லாம் எங்க போய் முடியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "நாடு தூங்குதுப்பா. சத்தம் போட்டு எழுப்பிடாதே" என்றார்.

எனக்கு ஒரு கனவு வருகிறது. கூடத்தில் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. யாரும் எழுந்திருப்பதில்லை. கோப்புகள் மிதந்து ஜன்னல் வழியாகப் போகின்றன. அப்புறம் நான் சின்னப் பையனாகி உன் படகில் கயிற்றுச் சுருள் மேல் படுத்திருக்கிறேன். எஞ்சின் சத்தம் முதுகுக்குக் கீழே அதிர்கிறது. அதோடு விழித்துக்கொள்கிறேன். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு இந்த ஊரில் ஒழுங்கான தூக்கமே இல்லை அக்கா.

பாலம் பற்றிக் கேட்டிருந்தாய். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

மாமாவுக்கு என் அன்பு. அவர் கனவில் நான் வந்தால் எனக்கும் எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 3

என் தம்பிக்கு,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நான் படகை இறக்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் பனி. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. வழக்கம்போல சங்கை ஊதினேன். ஊதி முடித்ததும் அக்கரையில் இருந்து ஒரு குரல்: "படகு! ஏய் படகு! இங்க ஒரு ஆள் இருக்கேன்!" பாவம், சங்குச் சத்தத்தை நம்பிவிட்டாள். எத்தனை வருஷம் கழித்து அந்தக் கூப்பாடு! என் தலை யோசிப்பதற்குள் கை கயிற்றை அவிழ்த்துவிட்டது. நினைவு வந்தபோது நடு ஆற்றில் இருக்கிறேன். மேலே பாலத்தின் நுனி பனிக்குள் மிதக்கிறது, நாரை குனிந்து என்னையே பார்க்கிறது. பயமே இல்லை. அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய், ஆனால் அழுதேன்.

அக்கரையில் ஒரு பெண், மடியில் தையல் மெஷின். நம் தெருவில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் தங்கித் தைத்துப் பிழைக்க வந்தவளாம். "சங்கு கேட்டுச்சே, அப்ப படகு ஓடுதுன்னுதானே அர்த்தம்?" என்கிறாள். ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பனி விலகுவதற்குள் படகு கொட்டகைக்குள் போய்விட்டது.

இப்போது வேறு தலைவலி. மத்தியானம் ஊரே தூங்கும் நேரத்தில் அவள் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. முதல் வாரம் சண்டைக்குப் போனார்கள். இரண்டாவது வாரம் கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வீட்டைப் பெருக்குகிறேன்.

நீ யாரிடமும் மூச்சு விடாதே.

உன் அக்கா


ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த சில நாளிலேயே ஊரின் கோப்பும் என் மேசைக்கு வந்தது. அரசாங்கப் படகில் படி சரிபார்க்க வந்த அதிகாரி, ஊருக்குப் புதிதாக ஒரு தையல்காரி இருப்பதைப் பார்த்து, எப்படி வந்தாள் என்று கேட்டிருக்கிறார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மாமா என்ன சொன்னார் தெரியுமா? "பாலத்துலதாங்க வந்தாங்க." அந்த மனிதரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்!

கொட்டாவி அதைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பாலத்துல வந்தாங்கன்னா பாலம் முடிஞ்சிருச்சு. படகுல வந்தாங்கன்னா படகு ஓடுது. எதுவா இருந்தாலும் படியை நிறுத்திடலாம். உன் ஊருதானே, எதுன்னு நீயே எழுதிக் குடு" என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன். பாலம் முடியவில்லை, படகு ஓடவில்லை, தையல்காரி எப்போதும் அந்த ஊரிலேயே இருந்தவள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் வேலையில் இதுவரை போடாத பொய்க் கையெழுத்து.

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோப்பு நகரவில்லை அக்கா. பாலம் இனி முடியாது. அதை முடிக்க வாங்கிய பணம்தான் வட்டியாகவும் உங்கள் படியாகவும் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. இங்கிருந்து பார்த்தால் நாடு முழுவதும் இப்படிப் பாதிப் பாதியாக நிற்கிறது. நாளைக்கு யாரும் கடன் தர மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், கூடத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை உங்கள் படி வரும். அதற்கு நான் பொறுப்பு. நீ படகை மட்டும் தொடாதே. சங்கையும் ஊதாதே. நிம்மதியாக இரு.

உன் தம்பி


மே 3

தம்பிக்கு,

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

நிம்மதியாக இரு என்கிறாய். நிம்மதியாக இருந்து இருந்துதான் என் கை இப்படி ஆகிவிட்டது. சுக்கானைப் பிடித்த கை, பஞ்சுபோல் கிடக்கிறது. நீ எங்களுக்குச் சோறு போடுவதாக நினைக்கிறாய். தாலாட்டுப் பாடுகிறாய் தம்பி. உன் கொட்டாவி நாட்டுக்குச் செய்வதை நீ எனக்குச் செய்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே பாலத்தின் நுனியில் வைத்து எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "இதுக்கு மேல பாலம் கிடையாது. என் தம்பி எழுதியிருக்கான். நான் படகை இறக்கப் போறேன்." மூட்டை தூக்கி முதுகு போன பெரியவர் கேட்டார்: "படி நின்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" உட்கார்ந்தபடியே டிக்கெட் கிழிக்கலாம் என்றேன். உடனே உன் மாமா, "அப்ப நான்?" என்றார். "கயிறு இழுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தையல்காரி மட்டும் பெரியவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு. போட்டது யார் என்கிறாய்? உன் மாமா. சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. "எனக்காக இல்லடி. ஊரே உன் மேல பாயும். இந்த வயசுல நாம எங்க போறது?" என்று கண் கலங்கினார். இத்தனை வருஷத்தில் அவரோடு நான் பேசாமல் இருப்பது இப்போதுதான். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. கோலை ஊன்றி நடக்கும் அந்தப் பெரியவர் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அதுதான் வலிக்கிறது.

ஆனாலும் பதினைந்தாம் தேதி காலையில், நல்ல வெளிச்சத்தில், ஊர் பார்க்க இறக்கப்போகிறேன். பூட்டைத் திறக்காவிட்டால் உடைப்பேன். உன் கையெழுத்து பொய்யென்று ஆகிவிடும், உன் வேலைக்கே ஆபத்து வரும், எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதற்குள் ஒரு வரி போடு. நீ சொன்னால் நிறுத்திவிடுவேன். வேறு யார் சொன்னாலும் இல்லை.

உன் அக்கா


மே 15, அக்கரை

அக்காவுக்கு,

நீ கேட்ட ஒரு வரியை நான் அனுப்பவில்லை. எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் வேறொரு வரி எழுதி கொட்டாவியிடம் கொடுத்தேன்: "படகு ஓடியது. ஓட்டியவர் என் அக்கா. முன்பு நான் எழுதியது பொய்." அவர் இரண்டு கண்ணையும் திறந்து நான் பார்த்தது அப்போதுதான். "என்னப்பா, எழுப்பிட்டியே" என்றார். கோபமாக இல்லை, பாவமாக இருந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதுகு போனவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் படியை நிறுத்தக்கூடாது என்று கூடவே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். படிப்பார்களா, தெரியாது.

விடிவதற்கு முன்பே பஸ் என்னை இங்கே இறக்கிவிட்டுப் போனது. பனி இறங்கியிருக்கிறது. என் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் கோழிக் கூடையோடு வந்து நிற்கிறாள். "படகு வருமாங்க?" என்று கேட்டாள். தெரியலைங்க என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. மூன்றாம் மாடியில் இத்தனை வருஷம் ஒருவரும் சொல்லத் துணியாத பதில் அது.

பூட்டு திறந்ததா, மாமா விட்டாரா, ஊர் உன்னை என்ன செய்தது, எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பாலத்தின் நுனி மட்டும் மேலே தெரிகிறது. அங்கே ஆட்கள் வரிசையாக நின்று கீழே பார்க்கிறார்கள் போல இருக்கிறது. ஒருவேளை நாரையாகக்கூட இருக்கலாம். நீ வராவிட்டாலும் நான் திரும்பிப் போவதாக இல்லை. சாயங்காலம்வரை இருப்பேன். நாளைக்கும் இருப்பேன்.

அக்கா, இரு. சங்கு கேட்கிறது.

ஒரு தரம்தான். பக்கத்தில் இருப்பவள் கூடையைத் தூக்கிவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. கொட்டகைக்குள் இருந்தும் நீ சங்கு ஊதுவாய், எனக்குத் தெரியாதா? காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

விசில்.

நீளமாக, கடைசியில் ஒரு சின்ன வெட்டு வெட்டி. படகு கரையை விடும்போது மாமா ஊதுகிற விசில். ஆணியில் இருந்து எடுத்துவிட்டாரா அக்கா? அவரேதான் திறந்தாரா?

எஞ்சின் சத்தம் வருகிறது. பெட்டி அதிர்வதாக எனக்குத் தோன்றுகிறது. இதற்குமேல் எழுத முடியவில்லை, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கிறேன். உறை இல்லை.

உன் தம்பி