பந்துக்கு ஒரு மேனேஜர்

7 ஏப்ரல் 1980, திங்கள்

நேற்று காற்பந்தில் நம் மலேசியா கொரியாவை வென்றுவிட்டது! கிளப்பில் ஒரே டிவி, அதன் முன்னால் தோட்டமே உட்கார்ந்திருந்தது. என் தொண்டை இன்னும் கரகரவென்றிருக்கிறது.

காலையில் லோரியில் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். பசுபதி கிராணி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆபீஸில் கணக்கு எழுதும் குமாஸ்தா, காற்பந்துக் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான்.

"நல்லுசாமி, துரை சொல்லிட்டாரு. இந்த வருஷம் கேமரன்மலைக் கிண்ணம் நமக்கு வேணுமாம். மாநிலத்துக்கே ஆடின ஆள இங்க வச்சிக்கிட்டு வருஷா வருஷம் தோத்தா வெக்கம்லா. நீதான் இனிமே டீமுக்கு மேனேஜர்."

தோட்டத்துக்கு மேனேஜர் துரை, பந்துக்கு மேனேஜர் நான்! வீட்டுக்கு வந்து மனைவி பவளத்திடம் சொன்னேன். "சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். இவளுக்கு என்ன தெரியும். பகாங் மாநிலத்துக்கு இடது விங்கில் ஆறு வருஷம் ஆடியவன் நான். எனக்குத் தெரியாத பந்தா?

10 ஏப்ரல், வியாழன்

முதல் பயிற்சி. தொழிற்சாலைக்குக் கீழே உள்ள திடல். ஒரு பக்கம் சரிவு. நல்ல கூட்டம் வந்திருந்தது. பவளத்தின் தம்பி முருகையாவும் வந்தான். அவன் பின்னால் நின்று தடுக்கிற பேக், ஆனால் ஓட்டம் போதாது. பாதி ஆட்டம் வெளியேதான் உட்கார்ந்திருப்பான்.

நான்கு பேரை வரிசையாக நிறுத்தி, பந்தோடு நால்வரையும் தாண்டிப் போய் கோல் போட்டுக் காட்டினேன். முப்பத்தேழு வயது! எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். இருட்டும்வரை செய்து காட்டினேன்.

நல்ல பயிற்சி. கிண்ணம் நமக்குத்தான்.

12 ஏப்ரல்

லோரி ஓட்டும்போதும் பந்து நினைப்புதான். பிரிஞ்சாங் வளைவில் எதிரே வந்த காய்கறி லோரிக்காரன் ஹாரன் அடித்து ஏசிவிட்டுப் போனான்.

20 ஏப்ரல், ஞாயிறு

இன்று ஒரு விசித்திரம். சின்னக்கருப்பன் நம் இடது விங். நல்ல ஓட்டக்காரன். ஆனால் பந்தை வாங்கினால் நேரே போய் எதிராளி மேல் மோதுகிறான்.

"டேய், ஆள ஏமாத்திட்டுப் போடா!"

"எப்படிண்ணே?"

"எப்படின்னா? போறதுதான்! நான் போனேன்ல, பாத்தேல்ல?"

"பாத்தேண்ணே. மொதல்ல எந்தக் கால வைக்கிறீங்க?"

எந்தக் கால்? யோசித்தேன். தெரியவில்லை. சரி, செய்து பார்த்துச் சொல்லலாம் என்று பந்தை உருட்டினேன். காலைக் கவனித்துக்கொண்டே போனதில் தடுக்கி விழுந்தேன்! எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் உண்மையிலேயே எந்தக் கால்?

27 ஏப்ரல், ஞாயிறு

முதல் ஆட்டம். கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்களோடு. நாலுக்கு சைபர். நாலு அவர்களுக்கு.

இப்படியும் ஆடுவார்களா? பந்து காலுக்கு வருகிறது, விட்டுவிடுகிறான். முன்னால் ஆளே இல்லை, பின்னால் தள்ளுகிறான். கண் இல்லையா இவனுங்களுக்கு? கத்திக் கத்திக் குரலே போய்விட்டது.

பவளம் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்தேன். பிறகு சொன்னாள்.

"நானா இருந்தா இங்க ஓடியிருப்பேன், நானா இருந்தா அப்பவே அடிச்சிருப்பேன்னே கத்திக்கிட்டு இருந்தீங்க. அவங்க நீங்க இல்லையேங்க."

கொழுந்து பறிக்கிறவள் எனக்குப் பந்து சொல்லித் தருகிறாள்.

4 மே, ஞாயிறு

லெம்பா பெர்த்தாமில் ஆட்டம். மறுபடியும் தோல்வி. ஒன்றுக்கு இரண்டு. மிச்சமுள்ள இரண்டையும் வென்றால்தான் இறுதியாட்டம்.

இரண்டாவது கோல் இருளப்பன் கைக்குள் வந்த பந்து. கோல்கீப்பர்! கைக்குள் வந்ததை விட்டுவிட்டான். ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னேன், கூடையில கொழுந்து நிக்கும், உன் கையில ஒண்ணும் நிக்காதுடா என்று. அவன் பொண்டாட்டியும் பிள்ளையும் பக்கத்தில்தான் நின்றார்கள். நான் பார்க்கவில்லை.

எல்லாரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முருகையா மட்டும் எழுந்து வந்தான்.

"மச்சான், உங்களுக்குத் தானா வந்துச்சு. எங்களுக்கு வரல. அதுக்காக மாட்ட ஏசுற மாதிரி ஏசாதீங்க. அவன் காலையில ஆறு மணிலேர்ந்து தொழிற்சாலை அடுப்புக்கு வெறகு தள்ளிட்டு வந்தவன்."

"நீ யார்றா எனக்குச் சொல்ல? முழு ஆட்டம் ஆடியிருக்கியா ஒரு நாளாவது?"

"இல்ல" என்றான். அவ்வளவுதான். லோரியில் ஏறாமல் நடந்தே போய்விட்டான். ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக எல்லாரும் அவனோடு நடந்தார்கள். பெர்த்தாமிலிருந்து மேடு ஏறி! காலி லோரியை நான் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

5 மே

பவளம் பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

8 மே, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். கை பரபரக்கிறது.

பயிற்சிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. தூறலில் திடலில் தனியே நின்றேன். பனிமூட்டம் வேறு. போகலாம் என்று திரும்பியபோது தொழிற்சாலைக்குப் பின்னால் பந்துச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் அங்கே! காலித் தேயிலைப் பெட்டிகளை முற்றத்தில் அங்கங்கே வைத்து, அவைதான் எதிரணி என்று வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஓடவில்லை. நடக்கிறார்கள். நடுவில் முருகையா.

கோபம் தலைக்கேறியது. என் டீம்! என் முதுகுக்குப் பின்னால! உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று சுவரோரம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"இருளா, பந்து வந்ததும் நீ கையத்தான் நீட்டுற. ஒடம்ப அதுக்குப் பின்னால கொண்டு போ. கை விட்டாலும் நெஞ்சுல நிக்கும்ல?" முருகையா சொல்கிறான். இருளப்பனுக்குப் புரியவில்லை. வேறு மாதிரி சொன்னான். அப்போதும் புரியவில்லை. தானே கோலில் நின்று, தானும் ஒன்றை விட்டு, "பாத்தியா, எனக்கும்தான் வுட்டுப்போச்சு. ஏன் வுட்டுப்போச்சு, நீ சொல்லு" என்றான். இருளப்பனே சொன்னான்!

பிறகு சின்னக்கருப்பன் கேட்டான். "நல்லு அண்ணன் ஆளத் தாண்டுவாரே, அது எப்படி?"

"அவரு காலப் பாக்காத. தோளப் பாரு. எடது தோளக் கொஞ்சம் சாய்ப்பாரு. எதிர்ல நிக்கிறவன் அந்தப் பக்கம் ஒரு அடி வைப்பான். அந்தக் காலு தரையில பட்ட உடனே அவரு மறுபக்கம் போயிருவாரு. அவன் காலு பட்டதுக்கு அப்புறம்தான் போவாரு, முன்னாடி இல்ல. நான் எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்! அதான் தெரியும்."

என் தோள்! பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிற தோள்!

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் செய்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. பவளம் கதவருகில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். நான்கு நாளுக்குப் பிறகு.

9 மே

நாள் முழுக்க லோரியில் இதே யோசனை. எனக்குப் பசி எடுத்தது, சாப்பிட்டேன், அப்படித்தான் பந்தும். யாராவது வந்து எப்படிப் பசிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் என்னைத் தடுக்க நின்றவன் என்னைப் படித்தால்தான் பிழைப்பான். முருகையா இத்தனை வருஷம் வெளியே உட்கார்ந்து எல்லாரையும் படித்திருக்கிறான்.

அப்படியானால் நான் எதற்கு?

11 மே, ஞாயிறு

முதலில் இருளப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டியும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய், "வுடுங்கண்ணே, பசியாறிட்டுப் போங்க" என்றான். தோசை சாப்பிட்டேன்.

பிறகு கிராணியிடம். முருகையாவை மேனேஜராகப் போடுங்கள் என்றேன்.

"முருகையாவா? துரைகிட்ட என்னன்னு சொல்லுவேன்? யாருக்கும் அவன் பேரே தெரியாது."

"தோத்தா என் பேரச் சொல்லுங்க. ஜெயிச்சா அவன் பேரச் சொல்லுங்க."

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

முருகையா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு கண்டிஷன், மச்சான். நீங்க ஆடணும். நான் சொல்றபடி ஆடணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

ஆடுவதா! நானா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூறல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

18 மே, ஞாயிறு

பிரிஞ்சாங் டவுன் அணியை இரண்டுக்கு ஒன்று வென்றோம்! நடுக்கோட்டுக்குப் பின்னால் வரவே கூடாது என்று முருகையா உத்தரவு. வரவில்லை. ஒரு கோல் என்னுடையது. இருளப்பன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான், மூன்று தடவை!

25 மே

மழையில் ஆட்டம். மறுபடியும் வெற்றி. இறுதியாட்டம்! மறுபடியும் கோலா தெர்லாவோடு. உடம்பில் வலிக்காத இடம் இல்லை. பவளம் தைலம் தேய்த்துக்கொண்டே, "கெழவருக்கு ஆட்டம் கேக்குது" என்கிறாள்.

1 ஜூன், ஞாயிறு

தோட்டம் முழுக்கத் திடலில். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினார்கள்.

"ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஓடிக்கிட்டே இருங்க, மச்சான். பந்து இல்லாட்டியும் ஓடுங்க" என்று முருகையா சொல்லியிருந்தான். ஓடினேன். தெர்லாவின் பேக் பெரிய ஆள், காளை மாதிரி, என் பின்னாலேயே ஓடினான். பாதி ஆட்டத்துக்கு முன் அவனைத் தாண்டிப் பந்தைக் கொடுத்தேன், நடுவில் வந்தவன் உள்ளே தட்டினான். கோல்! பிறகு அவர்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.

இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அப்போது கோட்டோரம் முருகையா கையைத் தூக்கினான். என்னைப் பார்த்து.

என்னை வெளியே கூப்பிடுறான்! இறுதியாட்டத்துல! மாநிலத்துக்கு ஆடினப்பகூட என்னை யாரும் வெளிய எடுத்ததில்ல. துரை பாக்குறாரு, ஊரே பாக்குது. ஒரு நிமிஷம் காது கேட்காதவன் மாதிரி நின்னேன். ரெஃப்ரி பார்த்தார். கூட்டம் "வேணாம், வேணாம்" என்று கத்தியது.

ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்னு சொன்னவன் நான்தானே?

நடந்து வெளியே வந்தேன். சின்னக்கருப்பன் உள்ளே ஓடினான். ஈரப் புல்லில் முருகையா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் அந்தப் பேக்கை மட்டும் காட்டினான்.

அந்தக் காளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்கள ஓட வுட்டதே அவன ஓட வைக்கத்தான்" என்றான் முருகையா.

நான் தூண்டில் புழு! கோபப்பட வேண்டுமா, கட்டிப்பிடிக்க வேண்டுமா? இரண்டில் எது என்று முடிவு செய்வதற்குள் சின்னக்கருப்பன் பந்தை வாங்கிவிட்டான். தோளைச் சாய்த்தான். காளை ஒரு அடி வைத்தான். அடுத்த அடி வைக்க அவனிடம் கால் இல்லை. பையன் போய்விட்டான்! இடது காலால் ஒரே அடி, வலைக்குள்!

நான் எப்படி எழுந்தேன், எப்போது முருகையாவைத் தோளில் தூக்கினேன், ஒன்றும் ஞாபகமில்லை. நானே போட்ட எந்தக் கோலுக்கும் இப்படிக் கத்தியதில்லை.

கிண்ணத்தைத் துரை என் கையில் கொடுக்க வந்தார். கிராணி நடுவில் புகுந்து, "மேனேஜர் இவரு, துரை" என்று முருகையாவை முன்னால் தள்ளினார்.

2 ஜூன்

கால் இரண்டும் வீக்கம். லோரி கிளட்சை மிதிக்க முடியவில்லை. சந்தோஷம்.

10 மார்ச் 1981, செவ்வாய்

இந்த வருஷம் ஆடும் பதினொரு பேரில் நான் இல்லை. முருகையாவே வந்து நேரில் சொன்னான். சரிதான் என்றேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, பிறகு இறங்கியது.

இன்று மத்தியானம் கொழுந்து இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மாவட்டக் காற்பந்துக் குழுவைச் சேர்ந்தவராம், பெயர் நாகரத்தினம். சின்ன வயதில் குவாந்தானில் என் ஆட்டத்தைப் பார்த்தவராம். கையை இரண்டு தடவை குலுக்கினார். மாவட்ட அணிக்கு மேனேஜர் தேடுகிறார்கள். "ஒங்க பேரு இருந்தா போதும் சார், பசங்க தானா வருவாங்க."

சார்! உள்ளுக்குள் என்னமோ துள்ளத்தான் செய்தது. பொய் சொல்லக் கூடாது.

"நான் ஆளக் காட்டுறேன், வாங்க" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். முருகையா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். மனிதர் என் காதருகில், "இவரு எந்த டீமுக்கு ஆடினாரு?" என்று கேட்டார்.

"அத வுடுங்க சார். ஒங்க டீமப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

கிண்ணம் வாங்கிய மேனேஜர் என்று அறிமுகம் செய்துவைத்தேன். முருகையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "ஒங்க லெஃப்ட் பேக் யாரு சார்? பந்து அவன் பின்னால போனா எந்தப் பக்கமா திரும்புவான்?"

மனிதர் கார் சாவியைப் பையில் போட்டார். பிறகு மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இரண்டாவது நடை கொழுந்து ஏற்ற நேரமாகிவிட்டது. மேல் மலைக்குப் போய், ஏற்றி, தொழிற்சாலையில் இறக்கிவிட்டு அந்த வழியே திரும்பினேன். வெள்ளைக் கார் அங்கேயேதான் நின்றது.