ஒன்றரைக் கட்டை இறக்கம்

நாமக்கல்
20.2.1983

தம்பி தண்டாயுதபாணிக்கு,

நலம். நீங்கள் ஜனவரியில் டெட்ராய்ட்டிலிருந்து சுமந்து வந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போன இசைத்தட்டு இயந்திரத்தை ஒரு மாதமாகக் கேட்கிறேன். தேக்குப் பெட்டி அழகு. பாட்டு சகிக்கவில்லை. அதே தட்டை உங்கள் அண்ணனுடைய ஜப்பான் இயந்திரத்தில் போட்டால் பாடகி பாடுகிறாள், உங்களுடையதில் முனகுகிறாள். கண்ணாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, பொம்பளைப் பாட்டுனு சொன்னீங்க, ஆம்பளையில்லீங்க பாடறான்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் அண்ணன் கடைசியாக நம் இருவரிடமும் சொன்னதை நான் மறக்கவில்லை. "எந்த மிசினு நல்லாப் பாடுதோ, அந்தூட்டுக்கே தட்டெல்லாம் போவட்டும்." நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள். அவை போனால் மாலை ஆறு மணிக்குமேல் இந்த வீட்டில் எனக்குத் துணை கண்ணாத்தாளின் கொட்டாவிதான். ஆனாலும் நியாயமாகவே கேட்டேன். தட்டுகள் இங்கேயே இருக்கும்.

அண்ணி
சௌந்திரம்


டெட்ராய்ட்
12.3.1983

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாத்தாளை நடுவராக வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஜப்பான் இயந்திரத்தில் தட்டின் அடியிலேயே மோட்டார். அதன் அதிர்வெல்லாம் ஊசிக்கு ஏறும். என்னுடையதில் மோட்டார் தள்ளி நிற்கிறது, ரப்பர் பட்டைதான் தட்டைச் சுற்றுகிறது. நீங்கள் முனகல் என்பது உண்மையில் கனம். இரண்டு நாள் உங்கள் கூடத்தில் கண்ணை மூடிக் கேட்டேன். அந்தக் குரலில் அப்படியொரு கம்பீரத்தை முன்பு கேட்டதேயில்லை.

கோபிக்க வேண்டாம், எழுபது வயதில் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தட்டுகளைப் பெட்டியில் அடுக்க ஆள் அனுப்பச் சொல்லட்டுமா?

தண்டாயுதபாணி


நாமக்கல்
2.4.1983

தம்பிக்கு,

என் காது நலம். கன்னியாஸ்திரீகள் பாட்டு வகுப்பில் பிரம்பால் தட்டித் தட்டிப் பழக்கிய காது. ஆர்மோனியத்தை வைத்துச் சரிபார்த்தேன்: சுருதி ஒன்றரைக் கட்டை இறக்கம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: தட்டின் இருபது நிமிடப் பக்கம் இருபத்து நான்கு நிமிடம் ஓடுகிறது. கம்பீரத்துக்கு நான்கு நிமிடம் கூடுதலாக வேண்டும் போலும்.

கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் மாதையனை அழைத்தேன். பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த தகட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். "அமெரிக்காக் கரண்டு அறுபது சைக்கிளுங்க, நம்முளுது அம்பது, அதான் மோட்டாரு மெதுவாச் சுத்துதுங்க. டாக்டரய்யா வெச்ச டிரான்ஸ்பார்மரு வோல்ட்டைத்தான் கொறைக்குமுங்க, வேகத்தைக் கூட்டாதுங்க. மோட்டார்ல, பட்டை ஓடற எடத்துல, பெரிய புல்லி மாட்டோணும்." அவன் ஐந்தாம் வகுப்பு. நீங்கள் இரண்டு நாட்டில் டாக்டருக்குப் படித்தவர். இரண்டு நாள் கண்ணை மூடி உட்கார்ந்தீர்கள், காதையும் மூடிக்கொண்டு.

சௌந்திரம்


டெட்ராய்ட்
30.4.1983

அன்புள்ள அண்ணிக்கு,

சிறு வயதிலிருந்து அண்ணனோடு உட்கார்ந்து கேட்ட குரல், அது இறங்கியது எனக்குத் தெரியவில்லை. ஐம்பது சைக்கிளுக்கான புல்லியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாட்டிக் கேளுங்கள். நீங்கள் சொல்வதே முடிவு. நான் வாதாட மாட்டேன்.

தண்டாயுதபாணி


நாமக்கல்
5.6.1983

தம்பிக்கு,

மாதையன் புல்லியை மாட்டினான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். எதில் போடுகிறான் என்று சொல்லக் கூடாது என்று கட்டளை. இரண்டிலும் மாற்றி மாற்றி ஐந்து முறை போட்டான். ஐந்து முறையும் நல்லது என்று நான் சொன்னது உங்களுடையதை. ஆறாவது முறை போடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் இயந்திரத்தில் பாட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய உறுமல் இருக்கிறது. இத்தனை வருடம் அதைத் தம்பூரா என்று நினைத்திருந்தேன்.

தட்டுகள் உங்களுடையவை. நானே துடைத்து, உறை மாற்றி, பெட்டியில் அடுக்கிவிட்டேன். உங்கள் இயந்திரமும் கூட வருகிறது. அங்கே போனதும் பழைய புல்லியை மாட்டச் சொல்லுங்கள். மறந்தால் வேகமாக ஓடும். உங்கள் காதுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நன்றிக் கடிதம் எழுத வேண்டாம். அவர் போன பிறகு மூன்று முறை வந்தீர்கள். மூன்று முறையும் செருப்பைக் கழற்றியதும் தட்டு அலமாரிக்குத்தான் போனீர்கள். இனி அது காலி. உங்களுக்கு வேண்டியது எதுவும் இந்த வீட்டில் இல்லை. அப்படியும் வந்தால், ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். கண்ணாத்தாளுக்கு அவசரச் சமையல் வராது.

சௌந்திரம்