அவள் மிதக்கும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நீ திட்டுவாய். இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் என் வீட்டுக்காரி காதில் விழும். எழுத வேண்டியிருப்பதே அவளைப் பற்றித்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்றால் நிம்மதி என்று யாரோ விவரம் தெரியாதவர்கள் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தீயணைப்பு நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் காலமெல்லாம் ஃபோன் எடுத்தவன் நான். ஒரு மனிதன் எப்படியெல்லாம் சாகலாம் என்பது எனக்கு அத்துப்படி. அங்கே இருந்தவரை அது அடுத்த வீட்டுப் பயம். இப்போது என் வீட்டில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. காஸ் குழாயை முகர்ந்து பார்க்கிறேன், குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். பென்ஷன் ஒழுங்காக வருமா, நாட்டு நிலவரம் எங்கே போய் முடியுமோ என்கிற கவலை வேறு.

உன் தம்பி பெண்டாட்டியோ தையல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்! போன வருடம்தான் இதயக் குழாயில் அடைப்பு என்று அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். தாராளமாக நீந்தட்டும், உடம்புக்கு நல்லது என்றார். ஒன்றும் ஆகாது என்று எழுதித் தருவீர்களா என்றேன். அப்படி யாருக்கும் எழுதித் தர முடியாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று சிரித்தார். பாவி மனுஷன், அன்றிலிருந்து என் தூக்கமும் போயிற்று.

போன வாரம் நடந்ததைக் கேள். நீச்சல் குளத்தின் பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு அறை. அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். கை அசையவில்லை, கால் அசையவில்லை. வேறு எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான், ஓடியிருப்பான். எனக்கு நீச்சலும் தெரியாது, கை தானாக ஃபோனுக்குத்தான் போனது. பழைய அலுவலகத்துக்கே அடித்து, இடம், அடையாளம், எந்த வாசல் என்று பிசகாமல் சொன்னேன். பெரிய வண்டி சைரனோடு வந்து நின்றது. பையன்கள் கயிறும் கையுமாக உள்ளே ஓடினார்கள். அவள் நெஞ்சளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, ரப்பர் தொப்பியோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைய பாடமே அசையாமல் மிதப்பதுதானாம்! மானம் கப்பலேறிவிட்டது. குளத்துப் பெண்கள் எனக்கு 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. தட்டு மட்டும் நங்கென்று என் முன்னால் வந்து உட்காரும். நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். 'இத்தனை வருஷம் மெஷினுக்கு முன்னாடி குனிஞ்சே கிடந்தேன். மல்லாந்து மேல பாக்குறப்பதான் எனக்கு நல்லா மூச்சு வருது. அதையும் பிடுங்கிக்காதீங்க' என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலையில் முதல்முறையாக ஆழமான பக்கத்தைக் கடக்கப் போகிறாள். நான் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாதாம். மற்றவர் பேச்சைக் கேட்காவிட்டாலும் நாத்தனார் பேச்சை அவள் தட்ட மாட்டாள். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. நீச்சலை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் காஸ் குழாயை முகர வேண்டுமா? அதனால் அவளிடம் வேண்டாம் என்று சொல்லாதே அக்கா. தைரியமாகப் போய் வா என்று மட்டும் சொல். எனக்கு வாய் வரவில்லை.

எனக்காக ஒன்று செய். அன்று அவள் கிளம்பியதும் என்னைக் கூப்பிடு. நடுங்கிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் வண்டி போய்ச் சேரும்வரை கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டிருப்போம். எதைப் பேசினோம் என்று எங்களுக்கே நினைவிருக்காது. நீயும் எதையாவது பேசு, திட்டினாலும் சரி. அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை மட்டும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளித் தம்பி