நிசேயாவும் நம் கோயில் கல்வெட்டும்

காரைக்குடி
மாசி மாதம்

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் கோபம் உட்பட. பிள்ளையார்பட்டியான் துணையில் நீயும் அந்தத் துருக்கிக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய இஸ்னிக் ஏரிப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். இத்தனை வருஷமாக வரலாற்று வகுப்பில் அதன் பழைய பெயரில் நிசேயா நிசேயா என்று நான் தொண்டை வறளச் சொன்ன ஊரை என் மகள் லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் எனக்குப் பெருமை இருக்காதா. எங்கள் ஆரோக்கியமேரி டீச்சர் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அங்கே எழுதின விசுவாச வாக்கியத்தை இன்னமும் கோயிலில் சொல்கிறோம் என்றார்.

நான் கும்பிடுவது பிள்ளையாரை, ஆனாலும் அந்த ஆதிக் கிறிஸ்தவர்களை நினைத்தால் எனக்கு மலைப்புத்தான். படை கிடையாது, பணம் கிடையாது, அரசாங்கமே பகை. கொள்ளைநோயில் ஊர் காலியானபோது இவர்கள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்களாம், விதவைகளுக்குச் சோறு போட்டார்கள், சனம் அதைப் பார்த்துத்தான் அவர்களிடம் சேர்ந்தது. ரோமாபுரி அரசு அவர்கள் கோயிலை இடித்து வேதப் புத்தகங்களைக் கொளுத்தியது. பிறகு கான்ஸ்டன்டைன் காலத்தில், 313இல், அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்று ஆணை வந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே அரசாங்கம் வண்டி கொடுத்து பிஷப்புகளை நிசேயாவுக்கு அழைத்தது. கண் பிடுங்கப்பட்டவர், கால் முடமாக்கப்பட்டவர் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கடவுளின் மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், ஒரு படி கீழே என்றார் ஆரியுஸ் என்ற குரு. இரண்டு பேரும் ஒரே பொருள் என்றார்கள் மற்றவர்கள். வாரக்கணக்கில் வாதாடி, ஒரே பொருள் என்றே வாக்கியத்தை எழுதி முடித்தார்கள், கையெழுத்துப் போடாதவர்களை நாடு கடத்தினார்கள்.

இதைப் போன வாரம் உன் அப்பாவுக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன். பாதியில் போன் வந்தது, எழுந்து போய்விட்டார். அந்தப் பாதியைத்தான் கொத்தமங்கலத்தில் நம் குலசாமி கோயில் பங்காளிக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வைகாசியில் குடமுழுக்கு அல்லவா, வாசலில் கல்வெட்டு வைக்கிறார்கள், அதில் ஐயனாரும் கருப்பரும் ஒருவரே என்று வெட்ட வேண்டும் என்றாராம். உன் சித்தப்பா முத்துக்கண்ணன் விடுவாரா, ஐயனார் எசமான், கருப்பர் காவல்காரர், எப்படி ஒன்றாகும் என்று எழுந்துவிட்டார். கருப்பருக்குக் கிடா வெட்டும்போது ஐயனார் சைவம் என்று அவர் சன்னதிக்குத் திரை போடுவோமே, “ரெண்டும் ஒண்ணுன்னா யாருக்கு யார மறைக்கிறோம்ணே” என்று கேட்டாராம். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “நிசேயாவுல கையெழுத்துப் போடாதவுகள நாடு கடத்துனாக. இதுல கையெழுத்துப் போடாதவுக பொங்கப்பானையத் தூக்கிக்கிட்டு இங்குட்டு வர வேணாம்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சித்தப்பா பந்தியில் உட்காராமல் பைக்கை எடுத்துக்கொண்டு கண்டனூருக்குப் போய்விட்டார். கூடப் பிறந்தது ஒரே தம்பி. குலசாமி கோயிலில் பானை விலகினால் அப்புறம் கல்யாணம் கருமாதிக்கும் விலகிப்போகும், உனக்குத் தெரியாததில்லை.

இவ்வளவையும் செய்துவிட்டு வந்து, உன் நிசேயா நல்லா வேலை செஞ்சிருச்சு ரோகிணி என்கிறார். குரங்கு கையில் பூமாலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சப் பாதியையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். நேற்றுவரை விரட்டப்பட்டவர்கள் பன்னிரண்டே வருஷத்தில் அடுத்தவரை விரட்டினார்கள், அதிலிருந்து பத்து வருஷத்தில் அந்த ஒரே பொருளுக்காக வாதாடின அத்தனாசியுஸையே நாடு கடத்தினார்கள், அவர் ஆயுசுக்குள் மொத்தம் ஐந்து தடவை. சண்டை ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது, 380இல் கிறிஸ்தவமே அரசாங்க மதமான பிறகும் திரும்பக் கூடிப் பேசித்தான் வாக்கியத்தை நிலைநிறுத்தினார்கள். “தழும்போட வந்து உக்காந்து பேசுனாகளே, அத நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒங்களுக்கு வெளிய தள்ளுனது மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா. இன்னைக்குத் தம்பியத் தள்ளுனீக, நாளைக்கு ஒங்களத் தள்ள எம்புட்டு நேரமாகும்” என்று கேட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சவரம்கூடச் செய்யாமல் கண்டனூருக்குக் கிளம்பினார். அங்கே நடந்தது உன் சித்தி தேவிகா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்றிருக்கிறார், உள்ளே போகவில்லை. சித்தப்பா வெளியே வந்து, “சாமியப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிருவேன்ணே. என்னைய வராதேன்னுட்டீகளே” என்று மட்டும் சொன்னாராம். அப்பா, “நீ வராத கோயில்ல எனக்கு என்னடா பொங்கல்” என்று சொல்லி அங்கேயே அழுதுவிட்டாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததே இல்லை அகல்யா, அதையும் கண்டனூரில் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறார். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கல்லில் இப்போது சாமி பெயர்களும் தேதியும் மட்டும்தான். ஒன்றா இரண்டா என்ற வழக்கு தீரவில்லை, அண்ணனும் தம்பியும் தினமும் போனில் கத்துகிறார்கள், அந்தச் சத்தம் வீட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வைகாசிக்கு இப்போதே லீவு சொல்லி வை. சித்தப்பாவுக்கு இந்த வாரமே போன் பண்ணு, அவர் வழக்கை உன்னிடம் எடுத்தால் எந்தப் பக்கமும் ம் கொட்டிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, கம்பளியில்லாமல் வெளியே போகாதே. ஐயனாரும் கருப்பரும், ஒருவரோ இருவரோ, உனக்கு முன்னும் பின்னும் துணை வரட்டும்.

ஆசிகளுடன்
உன் அம்மா
ரோகிணி