வலையில் செய்த ஆமை

பிப்ரவரி 3, திங்கள்
இந்தப் பள்ளிக்கூடத்தில் மேடம், சார் எல்லாம் கிடையாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஏழாம் வகுப்பு ஹேமந்த், "வினிதா, போர்டு மறைக்குது" என்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்த முதல்வர் மார்கரெட்டுக்கு அதில் அவ்வளவு பெருமை. அறுபது பிள்ளைகள், ஒரு நீச்சல் குளம், வாசலில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு பலகை! எரிச்சல்தான் வருகிறது. மார்ச்சில் வேலையை நிரந்தரம் செய்வார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்
சனிக்கிழமை பிள்ளைகளோடு கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோமாம். எந்தக் கரை? நெம்மேலி பக்கம், எங்கள் குப்பம். வேறு இடமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? நான் படூரில் குடியிருப்பதாகத்தான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். சேர்ந்த அன்றே மார்கரெட், "மீன் பிடிக்கிறவர்கள்தான் கடலைக் குப்பைத்தொட்டி ஆக்குகிறார்கள்" என்றாள். அப்புறம் எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 8, சனி
தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. ஒன்பது மணி என்று நேரம் சொன்னதும் நான்தான். அப்போது பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள், ஆண்கள் நாஸ்தா முடித்துப் படுத்திருப்பார்கள்.

மணலில் காயப்போட்டிருந்த வலையை ஹேமந்த் இழுத்தான். "இது குப்பையா, வினிதா?" நான் பதில் சொல்வதற்குள் மார்கரெட் ஓடி வந்தாள். கைவிட்ட வலையாம், ஆமைகளைக் கொல்லுமாம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நீல வலை. செத்துப்போன அப்பாவின் ரப்பர் செருப்பை வெட்டி மிதவையாகக் கோத்தது. எங்கள் வலை. விடியற்காலை கடலிலிருந்து வந்து அண்ணன் தேசப்பன் விரித்துவிட்டுப் போனது.

மார்கரெட் போட்டோவுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
அண்ணன் கரை முழுக்கத் தேடிவிட்டு வந்தான். "எவனோ தூக்கினு பூட்டான்மா. அவன் கை வெளங்குமா?" அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்த எவனையோ சபித்தாள்.

தின்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்
வெட்டிவிட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் வலையில் செய்த ஆமை. கண்ணுக்கு அப்பாவின் செருப்புத் துண்டு. பாவிங்க. நல்லா இருப்பாங்களா? நான் நல்லா இருப்பேனா?

பிப்ரவரி 13, வியாழன்
பள்ளி வேனை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் நேரே வந்துவிட்டான். மொழிபெயர்க்க மார்கரெட் என்னைக் கூப்பிட்டாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் அந்த போட்டோ. முகத்தை மறைத்தேன் சரி. தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த சுடிதாரை மறைத்தேனா? போட்டோவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அது எங்க வலைங்க, மேடம். அவங்களாண்ட சொல்லுங்க."

மேடம்! என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். எனக்கு — வெட்கக்கேடு — மூச்சு வந்தது.

பொதுக் கரையில் கிடந்தால் குப்பைதானே என்றாள் மார்கரெட். வேண்டுமானால் ஆமையின் திறப்பு விழாவுக்கு அவரும் வரட்டுமாம். அதை எப்படி அவனிடம் சொல்வது? "தெரியாம எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

"தெரியாமலா, மேடம்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பிப்ரவரி 14, வெள்ளி
அண்ணன் சித்தப்பா படகில் கூலிக்குப் போகிறான். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நான் சொல்லலாம். சொல்லலாம்தானே?

மார்ச் 28, வெள்ளி
வேலை நிரந்தரமாகிவிட்டது. கடிதத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அண்ணன் கடலிலிருந்து வந்து கைகால் கழுவினான். ஒன்றரை மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன், இன்றும் அம்மாவிடம்தான் கேட்டான்.

"மேடம் துன்னுட்டாங்களாம்மா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை கிடைத்ததற்குத் தங்கச்சியைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.