வேட்டி மடிப்பில் இருந்த கற்பூரம்

தூத்துக்குடி
20.8.1944

அன்புள்ள வடிவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நேற்று சரக்குக் கிட்டங்கியில் டர்பன்டைன் டின் ஒன்று ஒழுகியது. பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் வீரபாகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "வாத்தியாரய்யா, இந்த நெடியில எப்படி இருக்கிய? மூக்க ஊர்ல வச்சிட்டு வந்தியளோ?" என்றான். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் இங்கே எனக்கு அந்தப் பெயர்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டர்பன்டைன், பைன் மரம் தன் காயத்தை மூட வடிக்கும் பிசினிலிருந்து எடுப்பது. துளசி, ஆரஞ்சுத்தோல், கற்பூரம் ஆகியவற்றின் மணமும் டெர்பீன் என்ற அதே குடும்பந்தான். பூச்சி அண்டாதிருக்கச் செடிகள் செய்துகொள்வது. ஆடியில் வந்த காய்ச்சலுக்குப் பின் அவற்றில் ஒன்றின் மணமும் எனக்குத் தெரியவில்லை. நீ வேட்டி மடிப்பில் வைத்த கற்பூரத்தைக்கூட, கீழே விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

கவலைப்படாதே, சரியாகிவிடும். நம் ஊர் மந்திரமூர்த்தி இங்கே வரும்போது அவனிடம் நம் வீட்டுத் துளசி ஒரு கொத்து கொடுத்துவிடு. உன் பழைய சேலை ஒன்றும் வை. துவைக்க வேண்டாம்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள்.

சிவனணைந்தபெருமாள்