றிஸ்லாவின் கணக்குச் சேர்

குவைத், 12.03.1996

அன்பு மகள் நபீலாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், வாப்பாவின் இருமல் நின்றுவிட்டதா?

கணக்கில் பெயிலான உன் மகள் றிஸ்லாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தப் போவதாக எழுதியிருந்தாய். நிறுத்தாதே. நம் குடும்பத்தில் பத்தாம் ஆண்டுவரை படித்தவள் என் பேத்தி ஒருத்திதான்.

நான் வேலை செய்யும் இந்த வீட்டு எஜமானி, மடம் என்றுதான் கூப்பிடுவோம், உடுப்புக் கழுவும் மெஷினை முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டித் தந்தா. விளங்கியதா என்று கேட்டபோதெல்லாம் பயத்தில் தலையாட்டினேன். நீல உடுப்போடு சேர்த்துப் போட்டதில் அவவின் வெள்ளை உடுப்பெல்லாம் நீலமாகிவிட்டது. பயப்படாதே, ஏச்சோடு முடிந்தது. பிறகு சமையல்காரி, திருக்கோவில் ஊர் அன்னப்பிள்ளை, "முதல் நாள் நான் மடத்துட செருப்பையும் சேத்துப் போட்டன் அக்கா!" என்று சிரித்தாள். அவளிடம் தெரியாததைக் கேட்க வெட்கம் வரவில்லை. ஒரே நாளில் பழகிவிட்டேன்.

றிஸ்லாவும் கணக்குப் படிப்பிக்கிற சேருக்கு இப்படித்தான் தலையாட்டியிருப்பாள். நீ போய் அவரோடு கதை, சண்டைக்குப் போகாதே. விளங்காததைப் பிள்ளை பயமில்லாமல் கேட்க, கொஞ்சம் முகம் கொடுத்துக் கதைக்கச் சொல்.

ஊரால் வருகிறவர்களிடம் மாசிக்கருவாட்டுச் சம்பலும், உங்கள் குரல் பதிந்த கசெற் ஒன்றும் கொடுத்துவிடு. அதில் றிஸ்லா தனக்கு எது விளங்கவில்லை என்று சொல்லட்டும். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்குச் சொல்லித்தர ஏலாது; கேட்டுக்கொண்டிருப்பேன்.

மடம் கூப்பிடுகிறா.

உன் உம்மா,
சல்மா